தாமாக முன்வந்தவர்கள்

நடமாடும் தகவல் தொடர்புப் பிரிவைக் கலைத்து மூடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் பாம்புச்செவி சிரித்தார்.

"மூடறதுக்கு என்ன இருக்கு? அதுக்குக் கதவே கிடையாதே."

தங்கச்சி சிரிக்கவில்லை. மடித்த துணியை உதறி இன்னொரு முறை மடித்தாள். "கொம்பண்ணன் விழாவுக்கு உன்னையும் என்னையும் கூப்பிட்டிருக்காரு. போறோமா இல்லையா, அதைச் சொல்லு."

பாம்புச்செவி விளையாட்டாகச் சொன்னாலும் பொய் இல்லை. அந்தப் பிரிவுக்கு ஒரு நாளும் கட்டடம் இருந்ததில்லை. படை எங்கே போகிறதோ அங்கே அதுவும் போகும். ஒயர்லெஸ் செட்டு பொருத்திய இரண்டு வண்டிகள், அவற்றின் வாலில் வண்டிக்கொரு ஜெனரேட்டர், கூரைமேல் மடித்துக் கட்டிய கொம்பு. ஏரியல் கம்பத்தைத்தான் கொம்பு என்பார்கள். ஒரு வண்டியின் கொம்பைத் தூக்கி நிறுத்துவதில் கெட்டிக்காரனாக இருந்தவன் கொம்பன் ஆனான். இன்னொரு வண்டியில், இரைச்சலுக்கு நடுவே ஈ முனகினாலும் என்ன முனகியது என்று எழுதிக் கொடுத்தவன் பாம்புச்செவி ஆனான். அம்மா அப்பா வைத்த பெயர்கள் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தன.

படை நகரும்போது பேச்சு அறுந்துவிடக் கூடாது. அதற்காக அவர்கள் ஒரு முறை வைத்திருந்தார்கள். ஒரு வண்டி நின்ற இடத்திலேயே நின்று பேசிக்கொண்டிருக்கும். மற்றது முன்னே போய்க் கொம்பேற்றி, இழுகயிறு கட்டி, செட்டைப் போட்டு, "கால் ஊன்றியாச்சு" என்று சொல்லும். அதைக் கேட்ட பிறகுதான் பின்னால் நிற்பவன் தன் கொம்பை இறக்க வேண்டும். இரண்டு காலையும் ஒரே நேரத்தில் தூக்கினால் விழுவான் என்பது கணக்கு. மற்ற படைக்காரர்கள் அவர்களைக் கொக்குக் கூட்டம் என்று கேலி செய்வார்கள்.

வண்டியை எங்காவது மரத்தடியில் ஓரங்கட்டினால் "நிறுத்தினோம்" என்பார்களே தவிர, கால் ஊன்றினோம் என்று வாய் தவறிக்கூடச் சொல்ல மாட்டார்கள். கொம்பு ஏறி, செட்டு உயிர்பெற்றால்தான் அந்தச் சொல். அதைச் சும்மா வீசினால், எங்கோ ஒருத்தன் நம்பிக் கொம்பை இறக்கிவிடுவான்.

பாம்புச்செவியின் வண்டிக்கு ஓட்டுநராக வந்தவர் நல்ல சிரிப்புக்காரர். தங்கச்சியை அவருக்குக் கட்டிக்கொடுக்க வீட்டில் ஒற்றைக் காலில் நின்றார் பாம்புச்செவி. "கொக்குக் கூட்டத்துக்காரன் வேற எப்படி நிப்பான்," என்று சொல்லித்தான் அப்பா ஒத்துக்கொண்டார். அன்றிலிருந்து பாம்புச்செவி ஓட்டுநரை மாப்பிள்ளை என்று கூப்பிட, பிரிவு முழுக்க அதையே பிடித்துக்கொண்டது. பெரியவர் என்று எல்லோரும் சொல்லும் மேலதிகாரிகூட, "மாப்பிள்ளை, வண்டியை எடுங்க" என்பார். "இத்தனை மாமனார் இருந்து என்ன பிரயோஜனம், ஒருத்தராவது ஒரு சட்டை எடுத்துத் தந்தீங்களா" என்பார் மாப்பிள்ளை.

பிறகு அந்தப் பின்வாங்கல் வந்தது.

படை மொத்தமும் ஆற்றைக் கடந்தாக வேண்டும். இருந்தது ஒரே பாலம். விடிந்ததும் கொம்பன் வண்டி பாலத்தைத் தாண்டிப் போனது. பாம்புச்செவியின் வண்டி இந்தப் பக்கத்து மேட்டில் கொம்பை உயர்த்தியபடி நின்றது. வெயில் ஏறியது. வரவேண்டிய சொல் வரவில்லை. "கொம்பன், கொம்பன், கேக்குதா" என்று அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். தொண்டை வறண்டபோது மாப்பிள்ளை மைக்கைப் பிடுங்கினார். "டேய் கொம்பா, எங்கடா படுத்துத் தூங்கற? பொறக்கப்போற புள்ளைக்கு உன் பேரை வைக்கலாம்னு இருந்தேன். இப்ப யோசனையா இருக்கு," என்றார். அதற்கும் பதில் இல்லை. மாப்பிள்ளை போய் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்து எஞ்சினைப் போட்டுவைத்தார். சொல் வந்த நொடியில் கிளம்பிவிட வேண்டும் என்று அவருக்கு.

உச்சிவெயிலில் குண்டுகள் வந்தன. ஒன்றுகூடக் குறி தப்பவில்லை. மாப்பிள்ளை உட்கார்ந்த இடத்திலேயே போய்விட்டார். பாம்புச்செவிக்கு ஒரு காது போயிற்று.

ஆஸ்பத்திரிக்கு வந்த கொம்பன், கட்டிலைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். "வழியில கொம்பு முறிஞ்சு போச்சுடா. என்னென்னமோ பண்ணிப் பார்த்தேன். கால் ஊன்றவே முடியலடா."

தலையில் கட்டோடு படுத்திருந்த பாம்புச்செவிதான் அவரைத் தேற்றினார். "இரும்புதானே, முறியும். நீ என்னடா பண்ணுவ."

தங்கச்சி அண்ணனை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் பல வருஷம் அவரிடம் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டுதான் பேசினாள். சொல் வராவிட்டால் என்ன, வண்டியைத் திருப்புங்கள் என்று அண்ணன் சொல்லியிருக்கலாம் இல்லையா? அவள் அதைக் கேட்காததால் அவரும் பதில் சொல்லவில்லை. கொம்பன் மட்டும் போக்குவரத்தை விடவே இல்லை. பதவியில் ஏறி ஏறி, பேருக்கேற்ற கொம்பனாகவே ஆன பிறகும், அவர்கள் வீட்டுக்கு வந்தால் சமையலறை வரைக்கும் வருவார். தங்கச்சி மகளின் கல்யாணத்தில் தாய்மாமனுக்குச் சமமாக வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றார். அப்படிப்பட்டவர் கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா? போனார்கள்.

மண்டபத்தில் நாற்காலிகள் போட்டு முடிந்திருந்தன. மேடைக்குப் பக்கத்தில் ஒரு செட்டு வண்டி பச்சை வண்ணம் மின்ன நின்றது. பிரிவைக் கலைக்கும் நாளில் பிரிவின் வரலாற்றைப் புத்தகமாக வெளியிடுகிறார்கள். அதை எழுதிய இளம் பெண் அதிகாரி ஓடியாடி எல்லோரையும் உட்காரவைத்துக்கொண்டிருந்தாள். பாம்புச்செவியைக் கண்டதும் அவளுக்கு முகமெல்லாம் மலர்ந்தது.

"சார், உங்களைப் பத்தின பக்கத்தைத்தான் மேடையில வாசிக்கப்போறோம். பேரு எல்லாம் சரியா இருக்கான்னு ஒரு தடவை கேட்டுடுங்க." புத்தகத்தைப் பிரித்து வாசித்தாள். அவர் நல்ல காதைத் திருப்பிக் கொடுத்தார்.

பேர் சரியாக இருந்தது. மேடு, பாலம் எல்லாம் சரியாக இருந்தன. அதற்கப்புறம் ஒரு வரி வந்தது: "அவ்வாகனத்தின் வீரர்கள் இருவரும், பின்தங்கி நின்று எதிரியின் கவனத்தைத் தம் பக்கம் ஈர்க்கத் தாமாக முன்வந்தனர்."

"நல்லா வந்திருக்கு இல்ல சார்?" என்று கேட்டுவிட்டு, யாரோ கூப்பிட அவள் போய்விட்டாள்.

தங்கச்சி மேடையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கண்ணை எடுக்காமலே, "அண்ணே," என்றாள். "அவரு தானா முன்வந்தாரா?"

"எதுக்கு?"

"சாகறதுக்கு."

பாம்புச்செவி அவள் பக்கம் திரும்பினார்.

"நான் நிறைமாசமா இருந்தேன். அது அவருக்குத் தெரியும். தெரிஞ்சுமா நான் நிக்கறேன்னு கையைத் தூக்கினாரு?"

"இல்லம்மா. யாரும் கையைத் தூக்கல. கொம்பு முறிஞ்சதால சொல் வரல, அவ்வளவுதான். புத்தகம் எழுதறவங்க கொஞ்சம் ஜிகினா ஒட்டுவாங்க."

"ஜிகினா ஒட்ட என் புருஷன்தான் கிடைச்சாரா?" அவள் குரல் உயரவில்லை. "இத்தனை வருஷம் விதின்னு இருந்துட்டேன். அவராப் பார்த்து என்னை வேண்டாம்னுட்டுப் போனாருன்னு மைக்குல வேற கேக்கணுமா நான்?"

"இரு. கொம்பன்கிட்டப் போய் அந்த வரியை வாசிக்க வேண்டாம்னு சொல்றேன். ஒரு வார்த்தை சொன்னா போதும், எடுத்துடுவான்."

மேடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. கண்ணாடி முன்னால் உட்கார்ந்து கொம்பன் சட்டையில் பதக்கங்களை நேராக்கிக்கொண்டிருந்தார். எழுத்துக்காரப் பெண் அதற்குள் அங்கே வந்திருந்தாள்.

"வாடா பாம்பு! எந்தக் காதுல பேசணும், சொல்லு." பழைய கேலிதான். பாம்புச்செவி சிரித்துக்கொண்டே வலது பக்கத்தைக் காட்டி உட்கார்ந்தார்.

"சார் கதை ஒண்ணு சொல்லிட்டிருந்தார், நீங்களும் கேளுங்க," என்றாள் அவள். "மேடைப் பேச்சுக்குச் சிரிக்கற மாதிரி ஒண்ணு வேணும்னு கேட்டேன்."

"ஆமாம்மா, எங்க விட்டேன்? பாலத்தைத் தாண்டினோம். செங்கல் சூளை ஒண்ணு இருந்துச்சு. அதுக்குப் பின்னாடி கால் ஊன்றி, மொத வேலையா அடுப்பைப் பத்த வச்சு டீ போட்டோம். பார்த்தா, சர்க்கரைன்னு நினைச்சு எவனோ உப்பை அள்ளிட்டு வந்திருக்கான். பெரியவர் ஒரு வாய் குடிச்சுட்டு, 'எதிரி ஆத்துல விஷம் கலந்துட்டான்'னு…"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பாம்புச்செவியும் பாதி சிரித்துவிட்டார். அப்புறம்தான் சிரிப்பு நின்றது.

"சூளைக்குப் பின்னாடியா?" என்றார்.

"ஆமாடா, அந்த…" என்று தொடங்கிய கொம்பன் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தார். பதக்கத்தின் மேலிருந்த விரல் அப்படியே நின்றது.

"எப்ப கால் ஊன்றினீங்க?"

அந்தப் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். காலில் என்ன இருக்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை.

"கொஞ்சம் மைக்கைப் போய்ப் பாருங்கம்மா, கரகரன்னுது," என்றார் கொம்பன். அவள் போனதும் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து உட்காராமல் நின்றார்.

"கொம்பு முறியலையா?" என்று கேட்டார் பாம்புச்செவி.

"முறியல."

"அன்னிக்குக் காலையிலேயே செட்டு பேசிச்சா?"

"பேசிச்சு." கொம்பன் சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தார். "ஆர்டர்டா. மேட்டுல ஒரு வண்டி பேசிக்கிட்டே இருந்தா, தலைமையகமே அங்கதான் இருக்குன்னு அவன் நினைப்பான். குண்டெல்லாம் அங்க போகும், பாலம் தப்பிக்கும். தப்பிச்சுது. எத்தனை பேர் கடந்தாங்க தெரியுமா? இன்னிக்கு வெளியில உக்காந்திருக்கற கிழவன் எல்லாம் உன்னாலதான் உக்காந்திருக்கான்."

"அதை என்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"நான் சொல்லலாம்னேன். பெரியவர்தான் வேண்டாம்னுட்டார். உனக்குப் பொய் சொல்ல வராதுடா. தெரிஞ்சிருந்தா உன் குரல் மாறியிருக்கும். எதிர்ல கேக்கறவனுக்கும் காது இருக்கே. நீ நிஜமா கூப்பிட்டாத்தான் அவன் நம்புவான்."

பாம்புச்செவி தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். பிரிவில் அவர் குரலைப் பற்றி எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். பச்சைத் தண்ணீர் மாதிரிக் குரல், ஒரு கலப்படம் கிடையாது என்பார்கள். அந்தப் பெருமையைத்தான் தூண்டிலில் குத்தியிருக்கிறார்கள்.

"நான் கூப்பிட்டதெல்லாம் உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"மாப்பிள்ளை பேசினது?"

கொம்பன் தலையை ஆட்டினார்.

"ஹெட்போனைக் கழட்டி வச்சிருக்கலாமே."

"கழட்டல. அதையாவது செய்யணும்னு தோணிச்சு. கடைசி வரைக்கும் கேட்டுட்டுத்தான் இருந்தேன்."

"ஆஸ்பத்திரியில வந்து அழுதியே."

"அது நிஜம்டா."

"கொம்பு முறிஞ்சுதுன்னது?"

"அது ஆர்டர்."

வெளியில் மைக்கைச் சோதிக்கும் சத்தம் கேட்டது. கொம்பன் குனிந்து அவர் தோளில் கை வைத்தார். "உன் நல்லதுக்குத்தான்டா அப்படி எழுதச் சொன்னேன். முன்வந்தவங்கன்னாத்தான் பதக்கம். கல்லுல மாப்பிள்ளை பேரு வரும். வேற எப்படி எழுதறது? விட்டுட்டு வந்தோம்னா? தங்கச்சி அதைப் படிக்கணுமா?"

பாம்புச்செவி கையை விலக்கவில்லை. எழுந்தபோது அந்தக் கை தானாக விழுந்தது. வந்த காரியத்தை அவர் கேட்கவே இல்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரிந்துவிட்டது.

திரும்பி வந்து தங்கச்சியின் பக்கத்தில் உட்கார்ந்தார். சொல்லாமல் விழுங்கிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தார். ஆனால் கொம்பன் சொன்னதில் அந்த ஒன்று மட்டும் உண்மை, அவருக்குப் பொய் சொல்ல வராது. சொன்னார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். கொம்பன் ஹெட்போனைக் கழட்டவில்லை என்ற இடம் வந்தபோது மட்டும் புடவை முந்தானையைச் சுருட்டிக் கையில் இறுக்கிக்கொண்டாள்.

"அப்போ அவருக்குத் தெரியாது."

"தெரியாதும்மா. எங்களை யாரும் கேக்கல."

"கிளம்பி வந்துடலாம்னுதான் இருந்தாரு."

"எஞ்சினைப் போட்டு வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு."

அவள் நெடுநாளாக அடக்கிவைத்திருந்த மாதிரி ஒரு மூச்சை விட்டாள். அப்புறம் முகத்தை அண்ணன் பக்கம் முழுசாகத் திருப்பினாள். "உனக்கும் தெரியாது. நான் உன்னைப் போய்…" என்று நிறுத்திக்கொண்டாள். அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை.

விழா தொடங்கியது. கொம்பன் உப்பு டீ கதையைச் சொல்லவில்லை. பிரிவின் பெருமையைச் சொன்னார், கொக்கைச் சொன்னார், மண்டபம் சிரித்தது. எழுத்துக்காரப் பெண் அந்தப் பக்கத்தை வாசித்தாள். தாமாக முன்வந்தனர் என்ற இடத்தில் குரலை உயர்த்தி நிறுத்தினாள். கைதட்டல் ஓய வெகு நேரம் ஆயிற்று.

மாப்பிள்ளையின் பேரையும் பாம்புச்செவியின் பேரையும் சொல்லி மேடைக்கு அழைத்தார்கள். தங்கச்சி எழுந்தாள்.

"போறியா?" என்றார் அவர்.

"அவர் பேரைக் கூப்பிடறாங்க. அவருக்காகப் போகணும்." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "நீ வரணும்னு நான் சொல்லல."

பாம்புச்செவி போகவில்லை. அவர் பேரை இரண்டாம் முறை கூப்பிட்டார்கள். மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பின்னாலிருந்து யாரோ முதுகில் தட்டி, "போங்க, கூச்சப்படாதீங்க" என்றார். பாம்புச்செவி நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தார். காலம் முழுக்கக் கூப்பிட்ட குரலுக்கெல்லாம் பதில் சொன்னவருக்கு, சும்மா உட்கார்ந்திருப்பது மூட்டை தூக்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

மேடையில் தங்கச்சி பெட்டியை வாங்கிக்கொண்டாள். கொம்பனிடம் ஏதோ சொன்னாள். கொம்பன் சிரித்த முகமாகத் தலையசைத்தார். பிறகு இன்னொரு பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு மைக்கருகே வந்தார்.

"என் நண்பன் ரொம்ப உணர்ச்சிவசப்பட்டிருக்கான்," என்றார். குரல் லேசாகத் தழுதழுத்தது. "எழுந்து வர முடியல. இந்தப் பிரிவு மேல அவனுக்கு அவ்வளவு பாசம்."

கூட்டம் எழுந்து நின்று பாம்புச்செவியைப் பார்த்துக் கைதட்டியது. கைதட்டுகிறவர்களின் முகங்களில் கண்ணீர்கூட இருந்தது. அத்தனை பேரும் நிற்க அவர் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். எழுந்தாலும் பாசம் என்பார்கள், எழாவிட்டாலும் பாசம் என்பார்கள்.

கைதட்டல் முடிவதற்குள் தங்கச்சி இறங்கி வந்து அவர் முழங்கையைப் பிடித்தாள். இருவரும் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே வந்தார்கள். வெயிலில் படிக்கட்டு கொதித்தது. நிழல் இருந்த ஓரமாக உட்கார்ந்தார்கள்.

"அவன்கிட்ட என்ன சொன்ன?"

"'அன்னிக்குத்தான் கேக்கல, இன்னிக்கு எழுதும்போதாவது என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்'னேன்."

கொம்பனை அவள் சார் என்று சொல்லி அவர் கேட்டதில்லை.

"அதுக்கு?"

"'ரொம்பப் பெருமையா இருக்கும்மா'ன்னாரு. போட்டோக்காரன் எதிர்ல நின்னான்."

பாம்புச்செவிக்குச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து பாதியிலேயே இருமலாகிவிட்டது. தங்கச்சி அவர் முதுகைத் தடவினாள்.

கதவைத் திறந்துகொண்டு எழுத்துக்காரப் பெண் ஓடிவந்தாள். கையில் அவர் வாங்காத பெட்டி இருந்தது. மூச்சு வாங்க நின்றாள்.

"சார், விழாவைப் பத்தி ஒரு குறிப்பு எழுதணும். நீங்க உணர்ச்சிவசப்பட்டதால மேடைக்கு வரலைன்னு போட்டுக்கட்டுமா?"

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். மூக்குக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அந்தக் கண்களில் சூதுவாது இல்லை. சொல்லிக்கொடுத்ததை நம்பி எழுதியவள்.

"வேண்டாம்மா. யாரும் முன்வரல. எங்களை யாரும் கேக்கவே இல்லை. அதைப் போடுங்க."

அவளுக்கு முகம் மாறியது. பேனாவைத் திறந்தாள், எழுதவில்லை. மண்டபத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். "புத்தகம் அச்சாயிடுச்சே சார்," என்றாள் மெதுவாக. "மேலிடத்துக் கையெழுத்தும் ஆயிடுச்சு. அடுத்த பதிப்புல வேணும்னா…"

"கலைச்ச பிரிவுக்கு ஏதும்மா அடுத்த பதிப்பு," என்றாள் தங்கச்சி.

அந்தப் பெண் பெட்டியைப் படியில் வைப்பதா, திரும்ப எடுத்துப்போவதா என்று தெரியாமல் நின்றாள். உள்ளே அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். பெட்டியோடு உள்ளே போய்விட்டாள்.

தங்கச்சி தன் பெட்டியைத் திறந்து பார்க்காமலே பைக்குள் போட்டாள். "கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பாரு?" என்றாள்.

பதிலையும் அவளே சொன்னாள்.

"இருந்திருப்பாரு. பெரியவர்லேர்ந்து சமையல்காரர் வரைக்கும் எல்லாரையும் திட்டிக்கிட்டே இருந்திருப்பாரு. ஆனா இருந்திருப்பாரு."

"நானும்தான்," என்றார் அவர்.

"அது அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கும் இல்ல அண்ணே?"

உள்ளே மறுபடியும் கைதட்டினார்கள். தங்கச்சி எழுந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவர் எழுந்திருக்கக் கை நீட்டினாள்.